லாரி ஷெப் வரைந்த பொய்த் தலை

கொஞ்சம் நீளமான த்ரெட். நடுவில் கணக்கு வரும். கூட்டல் தெரிந்தால் போதும், பயப்படாம வாங்க.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு நைட் டியூட்டி. அறுபது வயசைத் தாண்டிய ஒருத்தர். தலைசுத்தல், வாந்தி, நிக்க முடியல. பிளெய்ன் சி.டி. பிரெய்ன் எடுத்தாச்சு. ஃபிலிம் வந்ததும் லைட் பாக்ஸ்ல மாட்டிப் பார்த்தேன். மூளைத்தண்டுக்குக் குறுக்கால கறுப்பா ஒரு பட்டை. கறுப்புன்னா ரத்தம் போகாத இடம்னு படிச்சிருக்கோம்ல? வெளியே நின்ன மகன்கிட்ட, "அப்பாவுக்கு மூளைத்தண்டுல அடைப்பு மாதிரி தெரியுது"ன்னு சொல்லிட்டேன். அவர் அப்படியே சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துட்டார்.

பத்து நிமிஷத்துல மெடிசின் பி.ஜி. அக்கா வந்தாங்க. ஃபிலிமைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "தம்பி, ரெண்டு பக்கமும் பெட்ரஸ் எலும்பு இருக்கு பாரு. அதுக்கு நடுவுல இப்படி ஒரு பட்டை விழும். நாளைக்கு உன் தலையை எடுத்தாலும் விழும். இவருக்கு அடைப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பட்டையை வெச்சு மட்டும் எதுவும் சொல்லாதே."

திரும்பப் போய் அந்த மகன்கிட்ட விளக்கினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ படத்துல இருக்கிறது பொய்யா சார்?"

பதில் தெரியல. எம்.பி.பி.எஸ்.ல ஆர்ட்டிஃபேக்ட்னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். (அந்தப் பெரியவருக்கு அடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளைத்தண்டு நல்லா இருந்தது. காதுக்குள்ள பிரச்சினை. நாலு நாள்ல நடந்தே வீட்டுக்குப் போனார்.)

அந்த மகன் கேட்ட கேள்வியை 1970-களில் ஒரு கணிதக்காரர் வேற மாதிரி கேட்டார். படம் உண்மை சொல்லுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்காக அவர் ஒரு பொய்த் தலையை உருவாக்கினார். இந்த த்ரெட் அவரைப் பத்தினதுதான். பெயர் லாரி ஷெப்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகணும். சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் ஃபிலிம், நடுவில் மார்பு. விழுகிற நிழல்தான் படம். சி.டி.யில் அப்படி நேராக விழுகிற படமே கிடையாது. மெஷின் அளப்பது வெறும் எண்களை. இந்தக் கோட்டில் போன எக்ஸ்ரே எவ்வளவு குறைந்து வெளியே வந்தது, பக்கத்துக் கோட்டில் எவ்வளவு என்று ஆயிரக்கணக்கான அளவுகள். அதை வைத்து, உள்ளே எந்த இடத்தில் என்ன இருந்திருந்தால் இந்த எண்கள் வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது கம்ப்யூட்டர். நாம் லைட் பாக்ஸில் மாட்டுவது அந்தக் கணக்கின் விடையை.

ஒரு சின்னப் புதிர். நாலு கட்டம்: மேலே ரெண்டு, கீழே ரெண்டு. உள்ளே இருக்கும் எண்கள் தெரியாது. மேல் வரிசையின் கூட்டல் 5, கீழ் வரிசை 9. இடது பக்கம் மேலிருந்து கீழ் 8, வலது பக்கம் 6. எண்களைச் சொல்லுங்க பார்ப்போம்.

மேலே 1, 4. கீழே 7, 2 என்று போட்டால் சரியாக வரும். மேலே 2, 3. கீழே 6, 3 என்று போட்டாலும் சரியாகத்தான் வரும்! ரெண்டு வேற வேற தலை, ஆனா ஒரே அளவுகள். இப்போ இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் குறுக்காகக் கூட்டினால் 3 என்று இன்னொரு தகவல் தர்றேன். ரெண்டாவது விடை அடிபட்டுப் போச்சு. மெஷின் தலையைச் சுற்றிச் சுற்றி வருவது இதுக்குத்தான். கோணம் கூடக் கூட, சாத்தியமான விடைகள் குறையும்.

எல்லாக் கோணத்திலும் கோடுகளின் கூட்டல் தெரிந்தால் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1917-லேயே நிரூபித்தவர் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடான். மருத்துவத்துக்காக இல்லை, சுத்தக் கணிதமாக. பிறகு ஆலன் கோர்மாக் என்ற இயற்பியலாளர், 1956-ல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் பகுதிநேர வேலை பார்த்தபோது இதே பிரச்சினையில் மாட்டி, ராடானைப் பற்றி எதுவும் தெரியாமல் தானே தீர்வு கண்டு 1963, 1964-ல் கட்டுரை எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

மெஷினைக் கட்டியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. கம்பெனி இன்ஜினியர். 1971 அக்டோபர் 1, லண்டன் விம்பிள்டன் பக்கம் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரி. முதல் நோயாளி. ஒவ்வொரு கோணத்திலும் 160 அளவு, மொத்தம் 180 கோணம். 28,800 எண்கள். அதிலிருந்து 80-க்கு 80 கட்டம் கொண்ட படம். ஒவ்வொரு கட்டமும் 3 மில்லிமீட்டர். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கும். ஆனா மண்டையோட்டைத் திறக்காமலே மூளைக்குள்ளே இருந்த கட்டி அதில் தெரிந்தது. 1979 நோபல் பரிசு கோர்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும். மருத்துவத்துக்கான நோபல், ரெண்டு பேரும் டாக்டர் இல்லை.

ஹவுன்ஸ்ஃபீல்ட் கணக்குப் போட்ட விதம் நம்ம நாலு கட்டப் புதிரைப் போட்ட மாதிரிதான். முதலில் ஒரு ஊகம். கூட்டிப் பார், எங்கே உதைக்குது? அங்கே கொஞ்சம் திருத்து. மறுபடி கூட்டு, மறுபடி திருத்து. திருத்தித் திருத்தி விடைக்குப் பக்கத்தில் போவது.

மெஷின் உலகம் முழுக்க ஹிட். டாக்டர்கள் கொண்டாடினார்கள். இந்த நேரத்தில்தான் ஷெப் உள்ளே வருகிறார்.

லாரன்ஸ் ஷெப், 1936-ல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் வில்லியம் ஃபெல்லரிடம் நிகழ்தகவுக் கணிதம் படித்து 1961-ல் பி.எச்.டி. அடுத்த வருஷம் பெல் லேப்ஸ் வேலை. அங்கே 1996 வரை, முப்பது வருஷத்துக்கு மேல்.

பெல் லேப்ஸ் அப்போது டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடமாக இருந்தது. டிரான்சிஸ்டர் பிறந்த இடம். அங்கே கணிதக்காரர்களை வேலைக்கு எடுத்து, பிடிச்ச பிரச்சினையைப் போட்டுப் பாருங்க என்று விட்டுவிடுவார்கள். ஷெப் செய்தது பெரும்பாலும் நடைமுறைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரித் தெரியும் வேலைகள். உதாரணம்: ஒரு வட்டத்தின் மேல் சின்னச் சின்ன வில் துண்டுகளை இஷ்டத்துக்கு எறிந்துகொண்டே இருக்கிறோம், துண்டுகள் போகப் போகச் சிறிசாகின்றன, வட்டம் முழுக்க மூடுமா, எங்காவது ஒரு புள்ளி தப்புமா? எப்போது மூடும் என்பதற்குத் துல்லியமான விதியை 1972-ல் கொடுத்தார். இப்படிப்பட்ட ஆள்தான் சி.டி. பக்கம் திரும்பினார். கொலம்பியா பல்கலைக்கழக ரேடியாலஜித் துறையிலும் கூடவே வேலை பார்த்தார்.

கூட்டாளி பென் லோகன். பெல் லேப்ஸில் சிக்னல் கணக்கில் கில்லாடி. இவரைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனசு வரல. டெக்சாஸ்காரர். ராத்திரியில் 'டெக்ஸ் லோகன்' என்ற பெயரில் ஃபிடில் வாசிப்பவர். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் பெரிய பெயர். அவர் எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை அந்த இசையின் பிதாமகன் பில் மன்ரோவே பாடி ரெக்கார்ட் செய்தார். அமெரிக்காவில் டிசம்பரில் அந்தப் பாட்டைக் கேட்பவர்களில் எத்தனை பேருக்கு, எழுதினவர் பெயர் சி.டி. ஸ்கேன் கணக்கிலும் இருக்குன்னு தெரியும்?

சரி, கதைக்கு வருவோம்.

ஷெப்பும் லோகனும் முன்னால் இருந்த சிக்கல் இது. ஈ.எம்.ஐ. மெஷின் போடும் படம் சரியா என்று எப்படிச் சோதிப்பது? நிஜ நோயாளியின் தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அது தெரியாததால்தானே ஸ்கேன் எடுக்கிறோம். ஆபரேஷனில் பார்த்தாலும் கட்டி தெரியும், ஆனால் மொத்த மூளையையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஒப்பிட முடியாது. படம் அழகாக இருக்கிறது என்பது படம் சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. இரண்டு விதமான கணக்கு, இரண்டு விதமான படம். எது உண்மைக்குப் பக்கம்?

அதனால் விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு தலையை உருவாக்கினார்கள். பேப்பரில். பத்து நீள்வட்டங்கள்.

பெரிய நீள்வட்டம் ஒன்று மண்டையோடு. அதற்குள்ளே கொஞ்சம் சின்னது மூளை. சாய்ந்த இரண்டு கறுப்பு நீள்வட்டங்கள், மூளைக்குள் இருக்கும் வென்ட்ரிக்கிள்கள். மேலே ஒரு பெரிய வட்டம். மற்றவை கட்டி மாதிரியான சின்னப் புள்ளிகள். இவ்வளவுதான். ஒரு குழந்தை வரைந்த முகம் மாதிரி இருக்கும்.

ஏன் நீள்வட்டம்? நீள்வட்டத்தின் குறுக்கே எந்தக் கோடு போட்டாலும், உள்ளே எவ்வளவு நீளம் போகிறது என்பதற்கு நேரடி ஃபார்முலா உண்டு. அதனால் மெஷினே இல்லாமல், ஒரு நோயாளியின் மேல் ஒரு எக்ஸ்ரே கூடப் படாமல், இந்தத் தலையை ஸ்கேன் செய்தால் என்னென்ன எண்கள் வரும் என்று பிசகில்லாமல் கணக்கிட்டுவிடலாம். அந்த எண்களை எந்த அல்காரிதத்திடமும் கொடுத்து, படம் போடச் சொல்லி, ஒரிஜினலோடு ஒப்பிடலாம். பரீட்சைக்கு ஆன்சர் கீ கிடைத்த மாதிரி.

டாக்டர்களுக்காக ஒரு தகவல், எனக்கு இதைப் பார்த்தபோது புல்லரித்தது. அவர்கள் போட்ட எண்கள்: மண்டையோடு 2.0, மூளை 1.02, வென்ட்ரிக்கிள் 1.00, சின்னக் கட்டிகள் 1.03. இன்றைய ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுக்கு மாற்றிப் பாருங்க. எலும்பு 1000, மூளை 20, தண்ணீர் 0, கட்டி 30. டியூட்டி ரூமில் தினமும் பார்க்கிற எண்கள்தான்! எலும்பு மலை மாதிரி நிற்க, மூளைக்கும் கட்டிக்கும் நடுவே வெறும் 1 சதவீத வித்தியாசம். மலைக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல்லைத் தேடுவது மாதிரி. சி.டி.யின் கஷ்டமே அதுதான். பேப்பரில் போட்ட பொய்த் தலையில் அந்தக் கஷ்டத்தைக் குறைக்காமல் அப்படியே வைத்தார்கள்.

கட்டுரை 1974-ல் வந்தது. ஒரே எண்களை இரண்டு கணக்கிடமும் கொடுத்தார்கள். ஒன்று, ஈ.எம்.ஐ. பாணியில் திருத்தித் திருத்திப் போவது. இன்னொன்று, ஃபூரியே கணிதத்திலிருந்து வரும் நேரடி வழி. அந்தப் பரீட்சையில் நேரடி வழிதான் உண்மைக்கு அதிகப் பக்கம் வந்தது. உலகமே கொண்டாடிய மெஷினின் கணக்கைவிடச் சிறந்த கணக்கு இருக்கிறது என்று, ஒரு எக்ஸ்ரே குழாயைக்கூடத் தொடாமல் காட்டிவிட்டார்கள்.

அந்த நேரடி வழி என்ன? ஒரு கோட்டில் வந்த அளவை, எந்த வழியாக எக்ஸ்ரே வந்ததோ அந்த வழி முழுக்கப் பூசிவிடு. எல்லாக் கோணத்துக்கும் இப்படிப் பூசினால், எங்கே அடர்த்தியோ அங்கே பூச்சு குவியும். ஆனா ஒரு பிரச்சினை. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பனிமூட்டம் மாதிரி மங்கல் வரும், கண்ணாடி போடாத என் பார்வை மாதிரி. மங்கலை எடுக்க, பூசுவதற்கு முன்னாடியே ஒவ்வொரு அளவையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். தன் இடத்தில் கூட்டல், அக்கம்பக்கத்தில் கழித்தல். அந்தக் கழித்தல் மங்கலைச் சாப்பிட்டுவிடும். இதைத்தான் ஃபில்டர் என்கிறோம்.

இந்த இடத்தில் நம்ம ஊர் வருது.

ஷெப்புக்கு மூன்று வருஷம் முன்னாடி, 1971-ல், இதே வழிக்கு எளிமையான ஃபில்டரைக் கொடுத்து கட்டுரை எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். ஆமா, கொலாஜனின் மூன்று இழை அமைப்பைச் சொன்ன, பயோகெமிஸ்ட்ரியில் நாம் மனப்பாடம் செய்த ராமச்சந்திரன் பிளாட்டின் அதே ராமச்சந்திரன். 1952-லிருந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பிறகு பெங்களூர். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களையும் மனதில் வைத்து அந்த வேலையைச் செய்தார்கள். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல் என்பவரும் 1967-ல் இதே மாதிரி வழிக்கு வந்திருந்தார். பெரிய கம்ப்யூட்டர் கிடைக்காத இடத்தில், ஃபூரியே கணக்கை முழுசாகப் போடாமல் சாதாரணப் பெருக்கல் கூட்டலாக மாற்றியது ராமச்சந்திரன், லட்சுமிநாராயணனின் சாமர்த்தியம். இன்றும் உலகம் முழுக்க அதற்குப் பெயர் 'ராம்-லாக்' ஃபில்டர். மெட்ராஸ் ஆட்கள் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதை உலகத்துக்கே பழக்கிவிட்டோம்.

ராம்-லாக் கூர்மையானது, ஆனா சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கும். அளவில் சின்ன ஆட்டம் இருந்தால் படம் முழுக்கப் பொரிப்பொரியாக வரும். அதன் கழித்தல் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம்தான் இருக்கும், நடுவில் பூஜ்யம். ஷெப்பும் லோகனும் அதை எல்லாக் கட்டத்துக்கும் வழவழப்பாகப் பரப்பினார்கள். ஃபார்முலாவில் பார்த்தால் சின்ன மாற்றம்தான். கூர்மை கொஞ்சம் குறையும், பொரி அடங்கும். சி.டி. டெக்னீஷியன் "போன் கெர்னல்ல போடவா, சாஃப்ட்ல போடவா"ன்னு கேட்கிறாரே, அந்தக் கேள்வியின் தாத்தா இதுதான். எலும்பு முறிவுக்குக் கூர்மை வேணும், மூளைக்கு வழவழப்பு வேணும். அதே அளவுகள்தான், ஆனா கணக்கு மாறினால் படம் மாறும்.

இப்போ அந்தக் கறுப்புப் பட்டைக்கு வர்றேன்.

ஆரம்ப கால சி.டி. தலைப் படங்களில் மண்டையோட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வெள்ளையா ஒரு வளையம் தெரிந்தது. மூளையின் வெளிப்புறச் சாம்பல் அடுக்கு, கார்டெக்ஸ், தெரிகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆசைப்படத் தோணும்தானே? ஆனால் 1975 வாக்கில், அதில் பெரும்பகுதி மெஷினின் வேலை என்று தெரிந்தது. எக்ஸ்ரே ஒரே சக்தி கொண்டது இல்லை, பல சக்திகளின் கலவை. எலும்பில் புகும்போது பலவீனமானவை முதலில் செத்துவிடும், பலமானவை மட்டும் வெளியே வரும். கணக்கு போடும் ஃபார்முலாவுக்கு இது தெரியாது. எலும்பின் உள்ளோரத்தில் வெள்ளை காட்டும், ரெண்டு தடித்த எலும்புக்கு நடுவே கறுப்பு காட்டும். பீம் ஹார்டனிங் என்று பெயர். நான் மூளைத்தண்டில் பார்த்த பட்டைக்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஷெப்பின் பொய்த் தலையில் இந்தச் சிக்கல் கிடையாது. அதில் போகும் எக்ஸ்ரே ஒரே சக்தி கொண்ட, புத்தகத்தில் மட்டுமே இருக்கும் எக்ஸ்ரே. குறை மாதிரித் தெரியலாம், ஆனா என் பார்வையில் அதுதான் அதன் பலம். பொய்த் தலையிலும் அதே தப்பு வந்தால் கணக்கு தப்பு. பொய்த் தலையில் சரியாக வந்து நிஜத் தலையில் மட்டும் தப்பு வந்தால், கணக்கை விட்டுவிட்டு மெஷினையும் எக்ஸ்ரேயையும் பார். வார்டில் நாம் செய்வது மாதிரி, ஒவ்வொரு காரணமாக அடித்துக்கொண்டே வருவது. அன்றைக்கு அந்த மகனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: "பொய் இல்லைங்க. கணக்கு ஒண்ணை நம்பிப் போட்டிருக்கு, உங்க அப்பா மண்டை எலும்பு தடிப்பா இருக்கிற இடத்துல அந்த நம்பிக்கை செல்லாது."

ஷெப் இத்தோடு நிற்கவில்லை. 1977-ல் லோகனோடு சேர்ந்து கலைத்துப் போட்ட எண்வரிசைகளைப் பற்றிச் சுத்தக் கணிதத்தில் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். அதற்குள் போனால் விடிஞ்சுடும், விடுங்க. அடுத்த பெரிய வேலை பெட் ஸ்கேன்.

பெட் ஸ்கேனில் கதிர் வெளியிலிருந்து போவதில்லை. நோயாளிக்குக் கதிரியக்கச் சர்க்கரை ஊசி போடுகிறோம். உடம்புக்குள்ளிருந்து இரண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர் திசையில் கிளம்பி, சுற்றி இருக்கும் டிடெக்டர்களில் ஒரே நேரத்தில் இடிக்கும். புற்றுநோய் அதிகம் சர்க்கரை தின்னும், அங்கிருந்து அதிகம் வரும்.

சி.டி.யோடு ஒப்பிட்டால் இங்கே வரும் ஃபோட்டான்கள் மிகக் குறைவு. எண்ணி எடுக்கும் சில்லறை மாதிரி. அதுவும் எப்போ வரும், எந்தப் பக்கம் வரும் என்பது சுத்தமான அதிர்ஷ்டம். இந்த அளவுகளை ஷெப்பே ஜெயிக்கவைத்த அந்த நேரடி ஃபார்முலாவில் போட்டால், படத்தில் நட்சத்திரம் மாதிரிக் கோடுகள் வரும். சில இடங்களில் மைனஸ் எண்ணே வரும். மைனஸ் சர்க்கரை எப்படி இருக்க முடியும்?

1982-ல் ஷெப்பும், பெல் லேப்ஸின் புள்ளியியலாளர் யெஹுடா வார்டியும் சேர்ந்து வேறு கேள்வி கேட்டார்கள். "உள்ளே எப்படி இருந்திருந்தால், நமக்கு வந்த இந்த எண்ணிக்கை வருவதற்கு அதிக வாய்ப்பு?" நிகழ்தகவுக்காரர் கேட்கும் கேள்வி. முதலில் உடம்பு முழுக்க ஒரே அளவு என்று ஊகி. அப்படியானால் ஒவ்வொரு டிடெக்டர் ஜோடியிலும் எத்தனை வரணும்? நிஜத்தில் எத்தனை வந்தது? அந்த விகிதத்தால் ஊகத்தைப் பெருக்கு. மறுபடி செய். பெருக்கல் மட்டுமே நடப்பதால் மைனஸ் வரவே வராது.

கவனிச்சீங்களா? ஊகித்துத் திருத்தித் திருத்திப் போவது! 1974-ல் அவர் தோற்கடித்த அதே குடும்பம். எட்டு வருஷத்தில் ஆள் கட்சி மாறிவிட்டாரா? இல்லைன்னுதான் நினைக்கிறேன். சி.டி.யில் ஃபோட்டான் கொட்டிக் கிடந்தது, அங்கே நேரடி வழி போதும். பெட்டில் ஃபோட்டான் தட்டுப்பாடு, அங்கே அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்கணும். தான் பெயர் வாங்கிய முறையைத் தானே ஓரமா வைக்கத் தயாரா இருந்தார். நம்ம ஃபீல்டுல எத்தனை சீஃப்களுக்கு அது வரும்னு யோசிச்சுக்கோங்க. நான் எதுவும் சொல்லல.

ஆனா இந்த முறைக்கும் ஒரு வினோதம். திருத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் படம் கெட்டுப்போகும், தற்செயலான ஆட்டத்தையும் உண்மை என்று நம்பி வரைய ஆரம்பிக்கும். சரியான நேரத்தில் நிறுத்தணும். வேகமும் குறைவு. 1994-ல் ஹட்சன், லார்க்கின் இருவரும் அளவுகளைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து வேகப்படுத்தியபிறகு ஆஸ்பத்திரிகளுக்குள் வந்தது. இன்றைக்கு பெட் ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வைத்திருக்கும் புற்றுநோய் நோயாளி ஒருவரின் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துக் கணக்குதான் இருக்கும்.

அந்தப் பொய்த் தலைக்கு இன்னொரு ஜென்மம் 2004-ல் வந்தது.

எம்.ஆர்.ஐ. மெதுவானது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த டொக்கு டொக்கு சத்தத்தில் அரை மணி நேரம் அசையாமல் படுக்கணும். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். குறைந்த அளவுகளை வைத்தே படம் போட முடிந்தால் நேரம் குறையும். கால்டெக்கில் இருந்த இமானுவேல் காண்டெஸ் என்ற கணித அறிஞர் இதைச் சோதிக்க எடுத்தது ஷெப்-லோகன் தலையை. 22 கோடுகளில் மட்டும் தகவலை வைத்துக்கொண்டு, மீதியெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு புது வகைக் கணக்கைப் போட்டார். படம் கொஞ்சம் தேறும் என்று எதிர்பார்த்தார். ஒரு புள்ளி பிசகாமல் அப்படியே முழுசாக வந்தது.

அவருக்கே நம்பிக்கை வரல. தன் பிள்ளையும் டெரன்ஸ் டாவோ பிள்ளையும் ஒரே மழலையர் பள்ளி. டாவோ நம் காலத்தின் மிகப் பெரிய கணித மூளைகளில் ஒருவர். இது நடக்காது என்று காட்டத்தான் முதலில் முயன்றார், கடைசியில் நடக்கும் என்று நிரூபித்தவர்களில் ஒருவர் ஆனார். 2006-ல் காண்டெஸ், ராம்பெர்க், டாவோ கட்டுரை. அதே வருஷம் டேவிட் டோனோஹோவின் கட்டுரை. அடுத்த வருஷமே லஸ்டிக் குழு அதை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டு வந்தது. 2017-ல் அமெரிக்காவில் மெஷின்களுக்கு அனுமதி. மூச்சைப் பிடிக்க முடியாத குழந்தைக்கும், இதயம் கோளாறாகத் துடிப்பவருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மயக்க மருந்து கொடுப்பவர்களைக் கேளுங்க.

இதில் ஒரு சந்தேகமும் சேர்த்து வைக்கணும். பொய்த் தலை அந்தப் புதுக் கணக்குக்கு ரொம்பச் சாதகமானது. ஒவ்வொரு நீள்வட்டத்துக்குள்ளும் ஒரே நிறம், ஓரம் மட்டும் கூர்மை. நிஜ ஈரலும் நிஜ மூளையும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அதனால் அந்த 22 கோடு அற்புதம் நோயாளியிடம் அதே அளவுக்கு நடக்காது. நேரம் குறைகிறது, ஆனால் அவ்வளவு இல்லை.

2019 முதல் ஏ.ஐ. படம் போடும் சி.டி. மெஷின்களும் அனுமதி வாங்கி வந்துவிட்டன. குறைந்த கதிர்வீச்சில் வழவழப்பான படம். 2020-ல் அன்டுன், ஹான்சன் குழு வெளியிட்ட கட்டுரை, இப்படிப்பட்ட சில ஏ.ஐ. முறைகளுக்கு உள்ளீட்டில் கண்ணுக்குத் தெரியாத சின்ன மாற்றம் கொடுத்தால் படம் கன்னாபின்னாவென்று மாறலாம், சின்னக் கட்டி மாதிரி ஒன்றைச் சேர்த்தால் அது படத்தில் வராமலே போகலாம் என்று காட்டியது. எப்படிச் சோதித்தார்கள்? உள்ளே என்ன இருக்கிறது என்று தங்களுக்குத் தெரிந்த படத்தைக் கொடுத்து. ஷெப் வழியேதான்.

பெல் லேப்ஸுக்குப் பிறகு ரட்கர்ஸ், பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகம் என்று கடைசிவரை வேலையில் இருந்த ஷெப், 2013 ஏப்ரலில் இறந்தார். ஃபிடில் லோகன் 2015 ஏப்ரலில்.

கம்ப்யூட்டரில் மேட்லேப் வைத்திருப்பவர்கள் 'ஃபேன்டம்' என்ற கட்டளையைப் போட்டால் அந்தத் தலை திரையில் வரும். ஆனா அப்படி வருவது பின்னாளில் பார்வைக்காக வித்தியாசத்தைக் கூட்டிவிட்ட வடிவம். ஷெப்பும் லோகனும் எழுதிய ஒரிஜினல் எண்களைப் போட்டுப் பாருங்க. வெள்ளையா ஒரு வளையம், உள்ளே வெறும் சாம்பல். ஒண்ணுமே இருக்காது. நாம் சி.டி.யில் பிரெய்ன் விண்டோ வைக்கிற மாதிரி, 1.00-க்கும் 1.05-க்கும் நடுவே விண்டோவை ஒடுக்கினால்தான் வென்ட்ரிக்கிள் தெரியும், கட்டிகள் தெரியும். அடியில் மூன்று சின்னக் கட்டிகள் பக்கம் பக்கமாக இருக்கும். நடுவில் இருப்பதுதான் சின்னது. குறுக்களவு தலை நீளத்தில் நாற்பதில் ஒரு பங்கு, நிஜத் தலைக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். புது அல்காரிதம் கட்டுரை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த மூணும் தனித்தனியாத் தெரியுதான்னுதான்.